ஸ்வீடன் வரித்தாளை ஆங்கிலமாக்கும் ஓசூர் கடை: சம்பள சிலிப்புக்குச் சரி, மற்றதற்குக் கவனம்

ஓசூர் பாகலூர் சாலையில் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோவோடு வெளிநாட்டு ஆவண மொழிபெயர்ப்பும் செய்துதரும் கடை இது. ஸ்வீடனில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஆடிட்டருக்கும் வங்கிக் கடனுக்கும் இங்கே தாள்களைக் கொடுக்கிறார்கள். பக்கத்துக்கு 600 ரூபாய், மூன்று நாள். சம்பள சிலிப்பைத் தாராளமாகக் கொடுக்கலாம், கீழே சொல்லும் ஒரு சொல்லை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்வீடன் வரித்துறையான ஸ்காட்டெவெர்க்கெத் அனுப்பும் இறுதி வரிக் கணக்கைக் கொடுத்தால், கவுண்டரிலேயே நின்று வரிவரியாகப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பெரிய கோளாறு 'அவ்த்ராக்' என்ற சொல்லில். எங்கே வந்தாலும் 'டிடக்‌ஷன்' என்று அடித்துவிடுகிறார்கள். 'க்ருந்அவ்த்ராக்' வருமானத்திலிருந்து கழிவது, அதற்கு அந்தச் சொல் பொருந்தும். 'யோப்ஸ்காட்டெஅவ்த்ராக்' கணக்குப் போட்டு வந்த வரியிலேயே குறைவது, அது 'டேக்ஸ் கிரெடிட்'. சம்பள சிலிப்பில் இருக்கும் 'ஸ்காட்டெஅவ்த்ராக்' முதலாளி பிடித்துக்கட்டிய வரி. நம் 1961 வருமான வரிச் சட்டத்து 80சி கழிவு, 87ஏ வரித் தள்ளுபடி, டி.டி.எஸ். பிடித்தம் மூன்றையும் ஒரே பெயரில் எழுதினால் ஆடிட்டர் என்ன செய்வார்? அதே குழப்பம்தான்.

அடுத்தது 'இன்கோம்ஸ்த் ஆவ் ஷென்ஸ்த்'. அகராதிப்படி ஷென்ஸ்த் என்றால் சேவை, ஆகவே 'சர்வீஸ் இன்கம்' என்று போட்டிருக்கிறார்கள். வங்கி அதிகாரி அதைப் படித்தால் கன்சல்டன்சி நடத்துகிறார் என்று நினைத்து ஜி.எஸ்.டி. எண் கேட்பார். 'இன்கம் ஃப்ரம் எம்ப்ளாய்மென்ட்' என்பதே சரி.

ஃப்ரீலான்ஸர் தாள்களில் இன்னும் மோசம். 'எஃப்-ஸ்காட்' என்பதை 'கம்பெனி டேக்ஸ்' ஆக்கிவிட்டார்கள். தன் வரியைத் தானே கட்டிக்கொள்ளும் தொழில்செய்பவர் என்ற பதிவு அது. தனி ஆளுக்கும் உண்டு, கம்பெனி லாபத்தின் மேல் விழும் வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சம்பளக்காரருக்கு 'ஆ-ஸ்காட்', இரண்டும் செய்பவருக்கு 'எஃப்ஆ-ஸ்காட்'. இவற்றை 'எஃப்-டேக்ஸ்', 'ஏ-டேக்ஸ்' என்று எழுத்தோடு அப்படியே விடச் சொல்லுங்கள்.

'ஏகென்அவ்யிஃப்டெர்' இங்கே 'ஓன் ஃபீஸ்' ஆகிவிட்டது. சுயதொழில் செய்பவர் கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அது, முழு விகிதம் 28.97 சதவீதம். சம்பளக்காரருக்காக முதலாளி கட்டும் அதே வகைப் பங்களிப்பான 31.42 சதவீதம் சம்பளத்துக்கு மேலே அவர் கையிலிருந்து போவது, நம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. கடை இரண்டையும் 'டேக்ஸ் பெய்ட்' என்ற ஒரே தலைப்பில் போட்டுக் கூட்டிவிட்டது. அங்கே கட்டிய வருமான வரிக்கு இங்கே 'டேக்ஸ் கிரெடிட்' கேட்கும்போது, அந்தக் கூட்டுத்தொகை அப்படியே சிக்கலாகும்.

எண்களையும் விடாதீர்கள். ஸ்வீடனில் ஆயிரத்துக்கு இடைவெளி, தசமத்துக்குக் காற்புள்ளி. '412 350,50' என்றால் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பதரை குரோனா. தட்டச்சில் அது 4,12,35,050 ஆகியிருந்தது.

'பரியல் ஃபீ' என்று இருப்பதைப் பார்த்துப் பதறி அடித்துத் திருத்த வேண்டாம், அது சரியான மொழிபெயர்ப்பு. எந்த மதத்தவராக இருந்தாலும் வரியோடு பிடிக்கும் அடக்கச் செலவுக் கட்டணம்.

முத்திரை, பக்க எண், மூலத்தின் நகலை இணைப்பது எல்லாம் ஒழுங்கு. திருத்தத்துக்குக் காசு கேட்பதில்லை. ஸ்காட்டெவெர்க்கெத்தின் ஆங்கிலப் பக்கங்களில் உள்ள சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அதையே போடுகிறார்கள். அங்கத்திய வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, நமக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆகவே இரண்டு ஆண்டுத் தாள்களையும் ஒரே தடவையில் கொடுத்துவிடுங்கள், இரண்டிலும் ஒரே சொல்லாக வரும்.