தொட்டியில் ஒரு விரிகுடா, கணினியில் ஒரு விரிகுடா

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அணைகள் கட்டி நன்னீர் ஏரிகள் அமைக்கலாம் என்றார் ஜான் ரீபர் என்ற நாடகத் தயாரிப்பாளர். அதைச் சோதிக்க, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1957இல் விரிகுடாக் கரையிலுள்ள சாசலிட்டோ நகரில், நீர் ஓடும் தொட்டியாக, விரிகுடாவின் சிறு மாதிரியையே கான்கிரீட்டில் வார்த்தது. திட்டம் தேறவில்லை, தொட்டி நிலைத்தது.

அதில் நீள அகலம் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆழமோ நூறில் ஒரு பங்கு. ஆழத்தையும் ஆயிரத்தில் ஒன்றாக்கினால் 10 மீட்டர் நீர் 1 சென்டிமீட்டராகி, நீர்ப்பரப்பைத் தோல்போல இறுக்கும் பரப்பு இழுவிசையே ஆட்டத்தைக் கெடுத்துவிடும். இந்த அளவுகளால் காலம் நூறு மடங்கு விரைகிறது: ஒரு நாளின் ஓதங்கள், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கங்கள், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆழத்தைக் கூட்டியதால் தண்ணீர் தடையின்றி ஓடப் பார்க்கும். அதனால் தரையெங்கும் செப்புப் பட்டைகளை நட்டு, நிஜ ஓத அளவீடுகளோடு ஒத்துவரும்வரை சரிசெய்தார்கள்.

இதே வேலைக்கு இன்னொரு வழி கணினி மாதிரி. அது விரிகுடாவைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நீரோட்டச் சமன்பாடுகளைத் தீர்க்கிறது. செப்புப் பட்டையின் இடத்தில், தரை நீரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணான உராய்வுக் குணகம். அதையும் அளவீடுகளைப் பார்த்துத்தான் திருத்துகிறார்கள். கணினி என்றாலே துல்லியம் என்று நம்புவோர் இதைக் கவனிப்பதில்லை. கட்டத்தைவிடச் சிறிய சுழல்களும் அதன் கண்ணில் படாது. தொட்டியில் சுழல் தானாகவே பிறக்கும்.

ஆனாலும் என் ஓட்டு கணினிக்கே. அணையை இடம் மாற்ற எதையும் உடைக்க வேண்டியதில்லை, காற்றையும் புவிச் சுழற்சியையும் கணக்கில் சேர்க்கலாம். சாசலிட்டோ தொட்டியில் ஆய்வுப் பணி 2000இல் நின்றது. பொதுமக்களுக்கு ஓதத்தை விளக்க மட்டும் அதை மிஞ்ச எந்தத் திரையாலும் முடியாது.