1915ஆம் ஆண்டு மாலுமிப் பட்டியல் தரவுத்தளம்: ஒரு மதிப்பீடு

முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்த உறவினரைத் தேடுவோருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் கருவிகளில் நான் முதலில் பரிந்துரைப்பது, கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகமும் இணைந்து உருவாக்கிய 1915ஆம் ஆண்டு மாலுமிப் பட்டியல் தரவுத்தளத்தையே. எஞ்சியிருக்கும் ஏறத்தாழ 39,000 பட்டியல்களைத் தன்னார்வலர்கள் பார்த்துப் படியெடுத்ததில் 7,50,000க்கும் மேற்பட்ட பெயர்ப் பதிவுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. இந்த எண்ணிக்கையைக் கண்டு அத்தனை ஆட்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஆண்டில் இரண்டு மூன்று கப்பல்களில் ஏறி இறங்கியவர் அத்தனை முறையும் இதில் வருவார்.

இந்தத் தளத்தின் அருமை, இதற்கு மாற்றாக வேறொன்று இல்லாததில் இருக்கிறது. மாலுமிகளுக்கென்று பிரிட்டிஷ் அரசு வைத்திருந்த மையப் பதிவேடு 1857இல் கைவிடப்பட்டது. 1913இல் அட்டை வடிவில் மீண்டும் தொடங்கப்பட்ட பதிவிலும் 1918 வரையிலான அட்டைகள் 1969இல் அழிக்கப்பட்டுவிட்டன. ஆக, நடுவிலிருக்கும் அறுபது ஆண்டுக் காலத்தில் ஒரு சாதாரண மாலுமியின் பெயர் தங்கியிருக்கக்கூடிய முக்கியமான இடம், அவர் ஏறிய கப்பலின் ஒப்பந்தப் படிவமான மாலுமிப் பட்டியல்தான். அந்தப் படிவங்களோ ஆட்களின் பெயர்வாரியாக அல்லாமல் கப்பல்வாரியாக அடுக்கப்பட்டவை. கப்பலின் பெயர் தெரியாதவர் உள்ளே நுழையவே முடியாது. அந்தக் கதவை 1915 என்ற ஓர் ஆண்டுக்கு மட்டுமாவது இத்தளம் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஆண்டு வாய்த்ததற்கும் காரணம் உண்டு: பழைய பட்டியல்களைப் பங்கிட்டபோது, 1945 நீங்கலாக, ஐந்தில் முடியும் ஆண்டுகளின் பட்டியல்கள் கிரீனிச் அருங்காட்சியகத்துக்குப் போயின.

ஒரு பதிவைத் திறந்தால் பெயர், வயது, பிறந்த ஊர், வீட்டு முகவரி, பதவி, ஏறிய நாளும் துறைமுகமும், இறங்கிய நாளும் இடமும் காரணமும், முன்பு வேலை பார்த்த கப்பல் ஆகியவை வரிசையாக வருகின்றன. பயன்படுத்துவோர் பலரும் இத்துடன் நின்றுவிடுகிறார்கள். ஆனால் மூலப் பக்கத்தின் படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பது அவசியம். ஆள் தன் கையால் இட்ட கையெழுத்தோ, எழுதத் தெரியாதவர் இட்ட பெருக்கல் குறியோ, மாதச் சம்பளமோ அங்கேதான் கண்ணில் படும். கப்பலின் அடித்தளத்தில் உலைக்குக் கரி தள்ளிய டிரிம்மர் ஒருவரின் பெயருக்கு எதிரே, வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் சொல்லாமல் ஓடிவிட்டார் என்ற குறிப்பு இருப்பதைப் பார்த்தால், குடும்பத்தில் அவரைப் பற்றிய பேச்சு அத்துடன் ஏன் நின்றுபோனது என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கலாம்.

பெயர்த் தேடல்தான் இத்தளத்தின் பலவீனம் என்பது என் கருத்து. பட்டியலை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். படியெடுத்தவர்கள் மங்கிய மையில் கண்ணுக்குத் தெரிந்தபடி படித்தார்கள். வயதும் நம்பத்தக்கதன்று, வேலைக்காக வயதைக் கூட்டியும் குறைத்தும் சொன்னவர்கள் ஏராளம். கப்பலின் பெயர் தெரிந்திருந்தால் அதன் வழியாகப் போவதே மேல். ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்ததால், ஒவ்வொரு கப்பலுக்கும் பதிவின்போது வழங்கப்பட்ட அதிகாரபூர்வ எண்ணைக் கொண்டு தேட வேண்டும். கப்பல் கைமாறினாலும் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க, தன்னார்வலர்கள் நடத்தும் ‘கிளிப்’ (CLIP) என்ற மாலுமிப் பட்டியல் அட்டவணைத் திட்டம் கைகொடுக்கிறது, அதுவும் இலவசமே.

தொலைதூரக் கப்பல்களின் பட்டியல்கள் பயணம் முடிந்த ஆண்டின் கட்டில்தான் சேர்க்கப்பட்டன என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1915 இலையுதிர் காலத்தில் புறப்பட்டு மறு ஆண்டு திரும்பிய கப்பலில் இருந்தவர் இதில் அகப்படாமல் போகலாம். 1914இல் ஏறி 1915இல் இறங்கியவர் அகப்படுவார். கரையோரக் கப்பல்களுக்கு அரையாண்டுக்கொரு முறை பட்டியல் தரப்பட்டதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்ற லஸ்கர் மாலுமிகளைத் தேடுவோர் எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் தனி ஒப்பந்தங்களின்கீழ், ‘சாரங்கு’ எனப்பட்ட மேற்பார்வையாளரின் தலைமையில் குழுவாக அமர்த்தப்பட்டவர்கள். அவர்களில் பலருக்கு ஐரோப்பிய முறையில் குடும்பப் பெயர் இல்லாததால், எந்தக் கட்டத்தில் எந்தப் பகுதி எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிக்க இயலாது. பெயரின் ஒரு துண்டைக் கொடுத்துப் பிறந்த இடத்தை வைத்து வடிகட்டிப் பார்ப்பது பலன் தரலாம்.

இத்தளத்தின் பெரும் பயன், ‘முன்பு வேலை பார்த்த கப்பல்’ என்ற கட்டத்தில் இருக்கிறது என்பேன். அதில் ‘அதே கப்பல்’ என்றிருந்தால் அவர் அங்கேயே தொடர்ந்தவர். வேறு பெயர் இருந்தால் அந்தக் கப்பலின் எண்ணைக் கண்டுபிடித்து முந்தைய ஆண்டுக்கு நகரலாம். ஆனால் அங்கிருந்து செலவு தொடங்குகிறது. 1863 முதல் 1938 வரையிலான பட்டியல்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே கட்டணம் செலுத்திப் படி பெற வேண்டும். பத்து விழுக்காடு மாதிரி கியூவில் இருக்கிறது. போர்ப் பதக்கம் பெற்றவரின் அட்டை கியூவின் பிடி (BT) 351 தொகுப்பில் இருக்கும். கடலில் இறந்தவர்களுக்குப் பிடி 334 தொகுப்பைப் பார்க்கலாம். கப்பல் எண்ணும் ஆண்டும் கையில் இல்லாமல் கனடாவுக்கு எழுதுவது வீண் செலவு. அவ்விரண்டையும் இத்தளத்தில் முதலில் உறுதிசெய்துகொண்டு பிறகு எழுதுங்கள்.