‘எங்கே நோகுது?’ என்பதை ஆங்கிலத்தில் கேட்க: சில சீசன்களின் அனுபவம்

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.இ.டி.க்கென்று படித்த ஆங்கிலம் எனக்கு அதிகம் உதவியது திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளி வீதியோரக் கிளினிக்கில்தான். மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைந்திருப்பார்கள். முருகைக்கல்லில் காலைக் கிழித்தவர், வாடகை ஸ்கூட்டரில் விழுந்தவர், புறாத்தீவில் மூழ்கிக் காது அடைத்தவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். சில சீசன்கள் போன பிறகு, படித்ததில் எது நின்றது, எது உதிர்ந்தது என்று சொல்ல முடிகிறது.

நன்றாக நின்றது ‘சொக்ரடீஸ்’. நோவைப் பற்றிக் கேட்க வேண்டிய எட்டு விடயங்களின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து வரும் பெயர் அது: இடம், தொடக்கம், எந்த மாதிரியான நோ, எங்கே பரவுகிறது, கூடவே வேறென்ன, நேரத்தோடு எப்படி மாறுகிறது, எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது, எவ்வளவு கடுமை. காது நோவோடு வருபவரிடம் ‘எப்போது தொடங்கியது’ என்ற ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். கடலுக்குள் இறங்கும்போதே குத்தியது என்றால் அழுத்தம் சமப்படவில்லை என்று யோசிக்கலாம். அடுத்த நாள் தொடங்கி, காது மடலை இழுத்தால் நோகிறது என்றால் காதுக்குழாயில் தொற்றாக இருக்கலாம்.

ஆனால் எட்டையும் வரிசையாகக் கேட்டுத்தான் தீர வேண்டும் என்று நின்றால் ஆபத்து. நடுத்தர வயதுக்காரர் வியர்த்துப்போய், முஷ்டியை நெஞ்சின் நடுவில் அழுத்திக் காட்டினால், மிச்சக் கேள்விகள் காத்திருக்கட்டும். 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

உதிர்ந்தது சொல்வளம். நோவை அளக்கப் பயன்படும் மக்கில் வினாக்கொத்து, நோவை வர்ணிக்கும் 78 சொற்களைத் தொகுத்திருக்கிறது. ரொனால்ட் மெல்சாக் அதை 1975இல் வெளியிட்டார். பாடப் பயிற்சிகளும் அந்தப் போக்கில்தான்: திராபிங் (விண்விண் என்ற துடிப்பு), நாயிங் (கடித்து அரிப்பது போன்ற நோ), ஷூட்டிங் (பாய்ந்து போகும் நோ). எங்களிடம் வருபவர்களில் ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர் நிறைய. அவர்களுக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். ‘நாயிங்’ என்றால் முழிப்பார்கள். கையே போதும்: விரல் நுனியால் குத்திக் காட்டினால் குத்து, முஷ்டியை மூடித் திறந்தால் விண்விண் என்ற துடிப்பு. நோ பரவுகிறதா என்பதை ‘ரேடியேட்’ என்ற சொல்லால் கேட்பதையும் விட்டுவிட்டேன். ‘டஸ் த பெயின் கோ எனிவேர் எல்ஸ்?’ என்றால் எல்லாருக்கும் விளங்குகிறது.

நோவின் கடுமைக்குப் பூச்சியத்திலிருந்து 10 வரை எண் சொல்லச் சொல்வது என் பார்வையில் பாதிப் பயன். சிரித்துக்கொண்டே 9 சொல்பவரும் உண்டு, பல்லைக் கடித்தபடி 3 சொல்பவரும் உண்டு. மருந்து கொடுத்த பிறகு திரும்பக் கேட்டு, அவர் முன்பு சொன்ன எண்ணோடு ஒப்பிடும்போதுதான் அதற்கு அர்த்தம் வருகிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வொங்–பேக்கர் முகப்படம் இருக்கிறது. சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்கள், தங்கள் நோவுக்குப் பொருந்தும் முகத்தில் விரலை வைத்துவிடுவார்கள். எண் பிடிபடாத பெரியவர்களுக்கும் அதையே நீட்டுகிறேன்.

ஓ.இ.டி. பேச்சுப் பகுதியில் இரண்டு நடிப்புக் காட்சிகள், ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். நோயாளியோடு பேசும் விதத்துக்கு 2018 முதல் தனிப் புள்ளியும் உண்டு. திறந்த கேள்வியில் தொடங்கிக் குறுகிய கேள்விக்கு வர வேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே படிப்புக்குக் கட்டின காசு தகும். நம்மவர்கள் ‘பெயின் இஸ் தெயார், நோ?’ என்று கேட்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பாதிப் பேர் மரியாதைக்கு ‘யெஸ்’ என்பார்கள், மீதிப் பேர் குழம்புவார்கள். ‘டெல் மீ அபௌட் த பெயின்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடினால் கதை தானாக வரும். ‘இஸ் இட் பெயினிங்?’ என்ற பிழையான ஆங்கிலத்தைப் பரீட்சைக்காரர் விரும்பாமல் இருக்கலாம், கிளினிக்கில் அது தடையே இல்லை.

காய்ச்சலும் உடம்பு உளைவுமாக வருபவர்களிடம் சொக்ரடீஸ் போதாது. டெங்கு நினைவில் இருக்க வேண்டிய ஊர் இது. டெங்கு என்றால், ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற நோ மாத்திரைகள் போட்டிருந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். மாத்திரைக் கேள்வி ‘எதனால் குறைகிறது’ என்பதற்குள் ஒளிந்திருப்பதால் அவசரத்தில் விட்டுப்போகும். அதனால் ‘ஹேவ் யூ டேக்கன் எனிதிங் ஃபோர் இட்?’ என்று தனியாகவே கேட்கிறேன். பெயர் சொன்னாலும் மாத்திரை மட்டையைக் காட்டச் சொல்வேன், அவர்கள் நாட்டு வியாபாரப் பெயர்கள் நமக்குப் பிடிபடாது.