கியர் விளக்கு எரிந்ததும் பெட்டியை இறக்கணும் என்பார்கள், இறக்க விடாதீர்கள்

பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவனை எங்கள் ஊரில் கொஞ்சம் பாவமாகத்தான் பார்ப்பார்கள். "எதுக்கு அண்ணாச்சி இந்த வம்பு? கியர் பாக்ஸ் போச்சுன்னா வண்டி வெலைய அதுக்கே குடுக்கணும்லா" என்று பெட்ரோல் பங்கில்கூடச் சொல்லியிருக்கிறார்கள். என்னுடையது 2009 மாடல் பெட்ரோல் செடான். நாலு கியர், டார்க் கன்வெர்டர் வகை, அதாவது கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியே என்ஜின் சுற்றைக் கியருக்குக் கடத்துவது. செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பல வருஷம் ஆகிறது. கம்பெனிப் பெயர் வேண்டாம். அந்தக் காலத்து டார்க் கன்வெர்டர் வண்டிகள் எல்லாவற்றுக்கும் நான் சொல்லப்போவது ஏறக்குறையப் பொருந்தும். சிவிடி, ஏஎம்டி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்குப் பாதிதான் உதவும்.

இத்தனை வருஷத்தில் டேஷ்போர்டில் கியர் விளக்கு பல தடவை எரிந்தாகிவிட்டது. ஒரே ஒரு தடவைதான் கோளாறு கியர் பெட்டிக்குள் இருந்தது. மற்றதெல்லாம் பேட்டரி, கப்ளர் (வயர் இணைப்பு), சென்சார், ரேடியேட்டர் என்று வெளியேதான்.

விளக்கு எரியும் விதம் வண்டிக்கு வண்டி மாறும். ஹோண்டாவில் மீட்டரில் ‘டி’ எழுத்தே சிமிட்டும். பழைய டொயோட்டாக்களில் ‘ஓ/டி ஆஃப்’ சிமிட்டும். சிலவற்றில் பல் சக்கரத்துக்குள் ஆச்சரியக்குறி வரும். அந்தச் சக்கரத்துக்குள் தெர்மாமீட்டர் படம் இருந்தால் ஆயில் கொதிக்கிறது என்று பொருள். அப்போது வண்டியை ஓரங்கட்டியே ஆகவேண்டும். விளக்கு எரிந்ததோடு வண்டி ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றாவதில், பிடித்துக்கொண்டு இழுவையில்லாமல் நகர்ந்தால் பயப்பட வேண்டாம். கியரை நடத்தும் கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒரு சிக்னலில் நம்பிக்கை போனதும் சொலினாய்டுகளுக்கு, அதாவது கரண்டில் ஆயில் வழியைத் திறந்து மூடும் வால்வுகளுக்கு, கரண்டை நிறுத்திவிடும். கரண்ட் இல்லாமலே ஆயில் அழுத்தத்தில் பிடிக்கக்கூடிய கியர் எதுவோ அதுதான் மிச்சம். வீடு போய்ச் சேர அது போதும்.

முதல் வேலை கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணைப் பார்ப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முள் சாக்கெட் இருக்கும். வண்டி தன் கோளாறைத் தானே கண்டு பதியும் ஓபிடி ஏற்பாடு இந்தியாவில் கட்டாயமானது 2010 ஏப்ரலில், அதன் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். ஆனால் அதற்கு முந்தின வண்டிகள் பலவற்றிலும் இந்தச் சாக்கெட் உண்டு. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஈஎல்எம்327 ப்ளூடூத் ஸ்கேனரைச் சொருகினால் அநேகமாக வருவது பி0700. இதைப் பார்த்துவிட்டுத்தான் பல ஒர்க்‌ஷாப்புகளில் "கியர் பாக்ஸ் ஃபால்ட் சார்" என்று முடிவு கட்டுகிறார்கள். பி0700 எந்தக் கோளாறையும் சொல்வதில்லை. ‘கியர் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, அங்கே போய்க் கேள்’ என்று என்ஜின் கம்ப்யூட்டர் கைகாட்டுகிறது, அவ்வளவே. உள்ளே உண்மையான கோடு தனியாக உட்கார்ந்திருக்கும். பி0705 என்றால் லிவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச், பி0715 உள்சுழற்சி சென்சார், பி0720 வெளிச்சுழற்சி சென்சார், பி0750 தொடங்கிச் சொலினாய்டுகள். இவற்றைப் படிக்க கியர் கம்ப்யூட்டருக்குள் நுழையத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். பாளையங்கோட்டையில் நான் போகும் ஆட்டோ எலெக்ட்ரீசியன் தம்பியிடம் அது இருக்கிறது. அவர் முதல் நாளே சொன்னது: "அண்ணாச்சி, கோட அழிச்சிராதிய. எழுதி வச்சிக்கிட்டு அப்புறமா அழிங்க. அழிச்சாச்சின்னா எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது."

அடுத்து அவர் கேட்டது பேட்டரி. எங்கள் ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் விளக்கு வந்து, அணைத்துப் போட்டால் போய்விடுகிறது என்றால் என் சந்தேகம் முதலில் அதன்மேல்தான். ராத்திரி நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் வரவேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்கவேண்டும். பேட்டரி நன்றாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் எர்த் வயர். பேட்டரி நெகட்டிவிலிருந்து வரும் அந்தக் கெட்டிக் கயிறு பெரும்பாலும் கியர் பாக்ஸ் உடம்பிலேயே போல்ட் போட்டிருக்கும். மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பெட்டி உடம்பிலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டவேண்டும். திருச்செந்தூர், உவரி பக்கம் அடிக்கடி போகிறவர்களின் வண்டியில் கடல் காற்று பட்டு இது சீக்கிரம் பூத்துப்போகும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஆறு நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்று ஊருக்குள் வந்தது. என் வண்டியில் தரை மேட் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. அந்த வாரம் தெருவெல்லாம் கயிறு கட்டி இழுக்கும் வண்டிகள்தான். ஆட்டோமேட்டிக்கை அப்படி இழுக்கக்கூடாது. உள்ளே ஆயிலை ஓட்டும் பம்ப் என்ஜினோடு சுற்றுவது. என்ஜின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் உருண்டால் பெட்டி வறண்டு தேயும். ஓட்டுகிற சக்கரம் தரையில் படாமல் தூக்கவேண்டும், இல்லையேல் ஃபிளாட் பெட் லாரி. தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாததற்கும் இதே பம்ப்தான் காரணம். என் பக்கத்து வீட்டு மாமா, "நாலு பேரு தள்ளுனா வந்துரும்ல மாப்ள" என்று கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவரைச் சமாதானம் செய்து அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வெள்ளம் வடிந்தபின் டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் நிறம் பார்த்தோம். தண்ணீர் கலந்திருந்தால் ரோஸ் மில்க் மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் ஸ்டார்ட்டே செய்யக்கூடாது, ஏனென்றால் உள்ளே கிளட்ச் தட்டுகளின் பசை கரைந்து உரியும். எங்களுடையது சுத்தச் சிவப்பு. ஆனாலும் சில வாரம் கழித்து விளக்கு வந்தது. கோடு பி0720. இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் பெட்டியை இறக்கி ஓவர்ஹால் என்று பெரிய எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். தம்பி சென்சாரின் கப்ளரைக் கழற்றிக் காட்டினார், முள்ளெல்லாம் பச்சைப் பூ. கான்டாக்ட் கிளீனர் அடித்து, அரித்துப்போன ஒரு முள்ளை மட்டும் மாற்றியதும் சரியானது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு இந்தத் தொல்லை மாதக்கணக்கில் தாமதமாகவும் வரலாம்.

சூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது டார்க் கன்வெர்டர் லாக் ஆகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கல் முழுவதும் சூடாகி ஆயிலில் இறங்கும். சாதாரணமாக 80, 90 டிகிரியில் இருக்கவேண்டிய ஆயில் 120ஐத் தாண்டினால் வேகமாகக் கெடும். தெர்மாமீட்டர் விளக்கு வந்தால் ஓரமாக நிறுத்தி, லிவரை ‘பி’யில் (பார்க்கிங்) போட்டு, என்ஜினை ஓடவிடுங்கள். ஓடினால்தான் ஆயில் கூலருக்குள் போய்வரும். பல வண்டிகளில் அந்தக் கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. போர் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ராதாபுரம், வள்ளியூர் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து அடைத்துவிட்டால் என்ஜின் சூடு காட்டும் முள் ஒழுங்காக நிற்கும்போதே கியர் ஆயில் கொதிக்கும். கூலன்ட்டைத் தவிர வேறு எதையும் ஊற்றவிடுவதில்லை என்று டிரைவர் வேலைக்கு வரும் ஆளிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

உண்மையாகவே பெட்டிக்குள் வந்த கோளாறு சொலினாய்டு. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது உதைத்தது, கோடு பி0755. வெளிக் கப்ளரிலேயே ஓம் அளந்தோம். ஆன்-ஆஃப் வகைச் சொலினாய்டுகள் பொதுவாகப் பத்திலிருந்து இருபத்தைந்து ஓமுக்குள் காட்டும். அழுத்தம் கட்டுப்படுத்தும் வகை ஒற்றை இலக்கத்தில் காட்டும். இது எல்லையில்லாமல் காட்டியது, உள்ளே சுருள் அறுந்திருந்தது. அப்போதும் பெட்டியை இறக்கவில்லை. கீழே சேம்பரை (அடி ஆயில் தொட்டி) கழற்றினால் சொலினாய்டுகள் உட்கார்ந்திருக்கும் வால்வ் பாடி கைக்கு எட்டும். சேம்பர் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் வழக்கமான தேய்மானம். மினுங்கும் சீவல் இருந்தால்தான் கவலை. சொலினாய்டு, ஃபில்டர், கேஸ்கெட், புது ஆயில் சேர்த்துச் செலவு கொஞ்சம் கடித்தது, என்றாலும் எஸ்டிமேட்காரர்கள் கேட்டதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

சேம்பரைத் திறந்து வடிக்கும்போது பாதிக்கும் குறைவான ஆயில்தான் வெளியே வரும், மீதி டார்க் கன்வெர்டருக்குள் நிற்கும். மெஷின் வைத்து மொத்தமாக அலசுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. வடித்து நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்புவதே பழைய பெட்டிக்கு நல்லது. ஆயில், வண்டிக் கம்பெனி சொன்ன வகையாகவே இருக்கட்டும், ‘எல்லாத்துக்கும் போடலாம்’ என்று கடையில் கொடுப்பதை வாங்காதீர்கள்.

ஆயில் கருத்து, தீய்ந்த நாற்றம் அடித்து, ‘டி’யில் ஆர்பிஎம் ஏறியும் வண்டி நகராமல், கியர் விகிதம் பொருந்தவில்லை என்று சொல்லும் பி0730 வரிசைக் கோடுகளும் வந்தால் பெட்டியை இறக்கச் சொல்பவரோடு நான் சண்டை போடமாட்டேன். அதற்கும் முதலில் சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பெட்டி என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் ஓவர்ஹால் பேச்சு.

இப்போதைக்கு விளக்கு இல்லை. காலையில் முதல் தடவை ரிவர்ஸ் போடும்போது மட்டும் ஒரு தட்டு தட்டுகிறது, கோடு எதுவும் இல்லை. தம்பி என்ஜின் மவுன்ட் என்கிறார், குத்தால சீசனுக்கு முன்னால் அதை மாற்றிப் பார்க்கவேண்டும்.