ஜேக்கப்பா, ஜேம்ஸா?

ஆண் குழந்தைக்கு இந்த இரண்டில் எந்தப் பெயரை வைக்கலாம் என்பதுதான் கேள்வி. இரண்டும் ஒரே பெயர்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மூலம் எபிரேய 'யாகோவ்'. லத்தீனில் அது யாக்கோபுஸ் ஆனது. பேச்சில் யாக்கோமுஸ் என்று திரிந்த வடிவம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஜேம்ஸ் ஆனது. தமிழ் பைபிளைப் புரட்டினால் சந்தேகமே வராது: ஈசாக்கின் மகனும் யாக்கோபு, இயேசுவின் சீடரும் யாக்கோபு. ஆங்கிலத்தில்தான் முன்னவர் ஜேக்கப், பின்னவர் ஜேம்ஸ்.

பொருள் என்னவோ அவ்வளவு மங்களகரமானது இல்லை: 'குதிகாலைப் பிடிப்பவன்', அதாவது ஏமாற்றுகிறவன். இரட்டையரில் இளையவன், அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடியே பிறந்தான் என்கிறது ஆதியாகமம். தம்பியின் தந்திரத்தால் தந்தையின் ஆசீர்வாதத்தைப் பறிகொடுத்த ஏசா, 'சரியான பெயர்தான் வைத்தார்கள்' என்ற தொனியில் புலம்புகிறான். ஜேக்கப் என்றால் இந்தக் கதையும் கூடவே வரும். ஜேம்ஸில் அது கண்ணுக்குத் தெரியாது.

அரச வாசனை வேண்டுமென்றால் ஜேம்ஸ்தான். 1611-இல் வெளியான ஆங்கில பைபிளே ஒரு ஜேம்ஸ் மன்னர் பெயரில் வழங்குகிறது. அமெரிக்க அதிபர்களிலும் ஆறு ஜேம்ஸ்கள், ஜிம்மி கார்ட்டரையும் (இயற்பெயர் ஜேம்ஸ்) சேர்த்து. ஜேக்கப் ஒருவர்கூட இல்லை.

அப்புறம் செல்வாக்கு. அமெரிக்காவில் 1999 முதல் 2012 வரை ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் ஜேக்கப்புக்கு. பிறகு சரிந்து முதல் பத்தை விட்டே போய்விட்டது. 1940-களில் முதலிடத்தில் இருந்த ஜேம்ஸோ 2023-லும் முதல் பத்தில். அலுக்காத பெயர் வேண்டுமா, ஜேம்ஸ். வேரின் ஓசை காதில் விழ வேண்டுமா, ஜேக்கப். என் ஓட்டு ஜேக்கப்புக்கு.