பூனைக்குப் ‘பயிற்சி’ என்று பணம் வாங்குகிறார்கள், கவனம்

கோவை, திருப்பூர் பக்கம் பூனை வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பிறகு பணப்பையைத் திறக்கலாம். மலசலம் கழிக்க வைக்கும் மணல் பெட்டியில் போக மறுக்கும் பூனையைப் பத்தே நாளில் வழிக்குக் கொண்டுவருவதாக விளம்பரம் செய்யும் கோவைக் கடை ஒன்றிடம் 6,500 ரூபாய் கொடுத்தோம். பணம் போனதோடு நிற்கவில்லை, பூனையும் போயிருக்கும்.

எங்கள் கடுவன் பூனை குட்டியிலிருந்தே பெட்டியை ஒழுங்காகப் பயன்படுத்தியவன். சித்திரை வெயில் ஏறிய நேரத்தில் அதை அடியோடு விட்டுவிட்டான். சோபா ஓரம், துணிக்கூடை, குளியலறைத் தரை என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தான். கடைக்குப் போன் செய்ததும் ‘நிபுணர்’ ஒருவரைத் திருப்பூருக்கே அனுப்பினார்கள். வந்தவர் பூனையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சோபா என்ன விலைக்கு வாங்கியது என்று விசாரித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: “ஆண் பூனைக்குத் திமிர் அக்கா. அடக்கினால் சரியாகிவிடும்.”

அந்த அடக்குமுறைக்கான சாமான்கள் இவை: மூடி போட்ட பெட்டி, லாவெண்டர் மணம் கலந்த மணல், தரையில் அடிக்க யூகலிப்டஸ் வாடை வீசும் ஒரு பாட்டில், ‘அமைதிக்கு’ என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்த வெள்ளை மாத்திரைகள். மாத்திரையில் பெயர் இல்லை, அட்டை இல்லை. ரசீது என்று தந்ததோ ஒரு துண்டுத் தாள். தவறான இடத்தில் போனால் மூக்கை அதிலேயே தேய்த்து, குளியலறையில் பூட்டி வைக்க வேண்டுமாம். மூக்கைத் தேய்க்க நாங்கள் மறுத்தோம். “பாசம் காட்டினால் பயிற்சி ஏறாது” என்றார்.

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் எலிக்காகவே பூனை வளர்த்த எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா), அந்த மணலை முகர்ந்து பார்த்துத் தும்மினார். “இதிலே நான்கூடக் கால் வைக்க மாட்டேன்” என்றார். காசு வாங்காமல் கிடைத்த ஒரே நிபுணர் கருத்து அதுதான்.

அடுத்து நடந்ததைக் கவனித்துப் படியுங்கள். கடுவன் குளியலறைச் சாக்கடைத் துளைக்கு மேல் குந்தி உட்கார்ந்தான். வால் விறைத்திருந்தது. நெடுநேரம் முக்கியும் வெள்ளை ஓட்டின் மேல் விழுந்தது இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு. எழுந்து அந்தரங்கத்தை நக்கினான். இரண்டடி நகர்ந்து மறுபடி குந்தினான். நிபுணருக்கு வீடியோ அனுப்பினேன். “நடிக்கிறது அக்கா, மாத்திரையை இரண்டாகக் கொடுங்கள்” என்று பதில் வந்தது. மாத்திரையைக் கொடுக்காமல் பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

மருத்துவர் வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறினார். சிறுநீர்ப்பை எலுமிச்சங்காய் போல் கல்லாக இறுகியிருந்தது. நுண்படிகங்களும் சளியும் சேர்ந்து பாதையை அடைத்துவிட்டன. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது என்பதால் இந்த அடைப்பு அவற்றுக்கே அதிகம் வருகிறது. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் தடுமாறும். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். மயக்க மருந்து கொடுத்து, குழாய் செருகி, உள்நோயாளியாக வைத்துக் காப்பாற்றினார்கள். வலித்த இடத்தைப் பெட்டியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு பூனை பெட்டியையே வெறுப்பது சாதாரணமாக நடப்பதுதான் என்றார் மருத்துவர். குளிர்ந்த ஓட்டுத் தரையைத் தேடிப் போவதும் அப்படித்தான். இதற்குப் பெயர் திமிராம்!

இன்னொன்றும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பூனை நின்றுகொண்டு, வாலைத் தூக்கி நடுக்கி, சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். தரையில் குந்திப் போவது வேறு கதை, முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் வாங்கிய சாமான்களைக் காட்டியபோது அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. வாசனை மணல் நம் மூக்குக்காகச் செய்தது. மூடிய பெட்டியில் நாற்றம் உள்ளேயே தங்கும். யூகலிப்டஸ் போன்ற எண்ணெய்களும் பீனால் கலந்த ஃபினாயிலும் பூனைக்கு நஞ்சு, அதன் கல்லீரலால் அவற்றைச் சரிவரச் சிதைக்க முடியாது. தரையை என்சைம் கலந்த திரவத்தால் துடைத்தால்தான் பழைய வாடை போகும். இப்போது வாசனையில்லாத மணல் போட்ட, மூடியில்லாத அகலப் பெட்டிகள் இரண்டு வைத்திருக்கிறோம். ஈரமான தீனி, வீடெங்கும் தண்ணீர்க் கிண்ணங்கள். பெரும்பாலும் பெட்டியிலேயே போகிறான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “பத்து நாள் முடிக்காமல் நிறுத்தியது நீங்கள்தானே” என்றார் கடைக்காரர். மாத்திரையின் பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் அல்லாதவர் மருத்துவம் பார்க்க 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் இடம் தரவில்லை என்று சொன்னதும் குரல் இறங்கியது. பாதித் தொகைக்கு அதே கடையில் சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எதை எடுப்பது, இன்னொரு மூட்டை லாவெண்டரையா?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கோவையில் இருந்தாலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், கடைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இதே கடையில் ஏமாந்தவர்கள் துண்டுத் தாளையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் கடுவன் அடிக்கடி குந்தியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரவானாலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையைத் தேடிப் போங்கள்.