மானுக்கும் மூஸுக்கும் ஒரே ரைஃபிள்: .308-ஆ, .30-06-ஆ?

மானையும், மிகப் பெரிய மான் இனமான மூஸையும் ஒரே ரைஃபிளால் வேட்டையாட .308, .30-06 என்ற இரண்டு தோட்டா வகைகளில் எதை எடுப்பது? மான் மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், .308 வின்செஸ்டர் போதும். அது 1952-இல் வந்தது. 1906-இன் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டும் அதே விட்டமுள்ள குண்டைத்தான் சுடுகிறது, ஆனால் அதன் கூடு (வெடிமருந்து அடைத்த குழல்) 63 மி.மீ. நீளம், .308-இனுடையது 51. அந்த 12 மி.மீ.தான் எல்லா வித்தியாசத்துக்கும் காரணம். .308-க்குக் குட்டை ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் பொறி) போதும், துப்பாக்கி கொஞ்சம் இலகுவாகும், உதையும் குறைவு. உதை குறைந்தால் சுடும் நேரத்தில் கண்ணை மூடித் தோளை இழுக்கும் பழக்கம் வராது. குறி தப்பிக் காயத்தோடு ஓடும் மான்களில் பலவற்றுக்கு அந்தப் பழக்கம்தான் காரணம் என்பேன்.

.30-06-க்கு நீண்ட ஆக்‌ஷன் என்பதால், தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் நகர்த்தும் போல்ட்டை இன்னும் அதிக தூரம், கடைசிவரை இழுக்க வேண்டும். அவசரத்தில் பாதியில் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறாது.

சரி, எல்க் (இதுவும் ஒரு பெரிய மான் இனம்), மூஸ்? 150 கிரெய்ன் (குண்டின் எடையளவு) குண்டில் இரண்டுக்கும் வேக வித்தியாசம் நொடிக்கு ஏறக்குறைய 100 அடிதான், மிருகத்துக்கு அது தெரியப்போவதில்லை. 200, 220 கிரெய்னுக்குப் போகும்போதுதான் .30-06 முந்துகிறது, ஏனென்றால் நீண்ட குண்டு உள்ளே இறங்கினாலும் வெடிமருந்துக்கு இடம் மிஞ்சும். ஆனாலும் எந்தத் தோட்டா என்பதைவிடக் குண்டின் கட்டமைப்பு முக்கியம்: மெல்லிய உறை கொண்ட குண்டு மூஸின் தோள் எலும்பில் பட்டால் நுரையீரலை எட்டும் முன்பே சிதறிவிடலாம், முழுச் செம்புக் குண்டு பெரும்பாலும் சிதறாமல் உள்ளே போகும்.

பெரும்பாலும் மான், எப்போதாவது எல்க் என்றால் .308-ஐயே எடுங்கள். மூஸ்தான் முக்கிய வேட்டை என்றால் மட்டும் .30-06.